கடைசிப் பெயர் வரும் வரையில்

சினிமாக் கொட்டகைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஊழியர்களுக்கு நம்மைக் கண்டால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதற்காக அவர்கள்மீது குறை கூற நமக்கு எவ்வித உரிமையும் கிடையாது. கதாநாயகனும் கதாநாயகியும் ஒன்று சேர்ந்து, வில்லனுக்கு உரிய தண்டனை கிடைத்து, விளக்குகள் எரிந்து, ஜனங்கள் எல்லாரும் நெருக்கியடித்துக் கொண்டு வாசலுக்குப் போன பிற்பாடும், நாம் ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வெண்திரையை உற்றுப் பார்த்துக் கொண்டிருப்போம். திரையிலே அப்போது பெயர்கள் ஓடிக் கொண்டிருக்கும். துடைப்பத்துடன் வந்தவர் முதலில் ஒரு முறை இருமுவார். பிறகு நம் காலடியில் கிடக்கும் சோளப் பொரியைச் சற்று ஓசையுடன் கூட்டுவார். கடைசியில், தூங்குகிறவரை எழுப்பும் குரலில், "படம் முடிஞ்சு போச்சுங்க, ஐயா" என்று சொல்லுவார்.

"இன்னும் முடியவில்லை, அப்பனே! பெயர்கள் வருகின்றனவே!" என்போம்.

"அதை யாருங்க படிப்பாங்க?"

நம் வீட்டு அம்மாளும் இதே கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறாள். "கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தபின், சமையற்காரர்களின் ஜாபிதாவைக் கேட்டுக் கொண்டு நிற்பவர் உண்டா?" என்பது அவளுடைய வாதம். வாதம் பலமானதுதான். ஆயினும் நம்மிடம் ஒரு பதில் இருக்கிறது. அது புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் வீராம்பட்டினத்திலே நமக்குக் கிடைத்தது. இது வரையில் அந்த அம்மாளிடம்கூட முழுவதும் சொன்னதில்லை. காரணம், அதில் நம்முடைய பிழையும் ஒன்று கலந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நண்பரைக் காண்பதற்காக நாம் அவ்வூருக்குச் சென்றோம். நண்பர் வீட்டில் இல்லை. தெருவில் பாதிப் பேர் வீட்டில் இல்லை. "எல்லாரும் கடற்கரைக்குப் போயிருக்காங்க. சினிமாப் புடிக்கிறாங்க!" என்று ஒரு சிறுவன் தகவல் தெரிவித்துவிட்டு, அவனும் ஓட்டம் பிடித்தான். வந்ததற்கு அதையாவது பார்ப்போம் என்று நாமும் அவன் பின்னால் நடந்தோம்.

கடற்கரையிலே ஒரு சிறு சந்தை கூடியது போல் இருந்தது. மின்சாரம் உண்டாக்கும் வண்டி ஒன்று உறுமிக் கொண்டிருந்தது. பெரிய குடைகள், பெட்டிகள், சுருள் சுருளாகக் கம்பிகள், ஒரு பக்கத்தில் அடுப்பு மூட்டி நூறு பேருக்குச் சமையல். வேலை ஒன்றும் இல்லாதபடியால் நாம் ஆட்களை எண்ணத் தொடங்கினோம். எண்பது பேர் வந்தார்கள். அவர்களிலே படத்தில் முகம் தெரியப் போகிறவர்கள் மூன்றே மூன்று பேர்தான் என்று விசாரித்துத் தெரிந்து கொண்டோம். ஒரு கதாநாயகி, அவளுடைய தகப்பனாராக வேஷம் போட்டவர், ஒரு குழந்தை. மற்ற எழுபத்தேழு பேரும் எதற்காக?

நின்று பார்க்கப் பார்க்க விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிற்று. ஒருவர் நாடாவைப் பிடித்துக் காமிராவிலிருந்து கதாநாயகியின் மூக்கு நுனி வரையில் அளந்தார். அந்த அம்மாள் இரண்டடி முன்னால் நகர்ந்தால் முகம் மங்கிப் போகாமல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பது அவருடைய வேலை. படம் முழுவதும் கூர்மையாக இருந்தால் அவரை யாரும் நினைக்க மாட்டார்கள். ஒரு கணம் மங்கினால் எல்லாரும் நினைப்பார்கள். இன்னொருவர் நீண்ட கோலின் முனையிலே ஒலிவாங்கியைக் கட்டிக் கை கடுக்கத் தூக்கிப் பிடித்திருந்தார். காற்றின் இரைச்சல் புகாதிருக்க அந்த ஒலிவாங்கிக்கு ரோமச் சட்டை போட்டிருந்தார்கள். ஓர் இளம் பெண் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக் கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தோம். கதாநாயகியின் இடது கையில் எத்தனை வளையல், தலைப்பு எந்தத் தோளில், நெற்றியில் எத்தனை முடி கலைந்திருக்கிறது என்ற விவரங்கள்! காலையில் எடுத்த காட்சிக்கும் பத்து நாள் கழித்து எடுக்கப் போகிற அதன் தொடர்ச்சிக்கும் வித்தியாசம் வந்துவிடக் கூடாதாம். புத்தம் புதிய படகு ஒன்றுக்குச் சாயம் பூசி, சுரண்டி, உப்பு நீர் தெளித்து, இருபது வருஷத்துப் பழைய படகாக்கிக் கொண்டிருந்தார் மற்றொருவர். அருகிலே உண்மையாகவே இருபது வருஷத்துப் பழைய படகுகள் நாலைந்து கிடந்தன. அவை போதிய அளவு பழையவையாகத் தோன்றவில்லை போலும்!

பிறகு டைரக்டர் ஊர்க்காரர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, "இந்தப் படகைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். இயற்கையாக இருக்க வேண்டும்" என்றார். அவர்களும் தள்ளினார்கள்.

"அப்படியல்ல. காமிரா இந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கமாகத் தள்ளுங்கள்!"

வரிசையில் முதலாவதாக நின்ற முதியவர் திரும்பி, மிகுந்த மரியாதையுடன், "அந்தப் பக்கம் கடல் இல்லைங்களே, ஐயா" என்றார்.

டைரக்டர் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னபடிதான் தள்ள வேண்டியிருந்தது. பிற்பாடு கொட்டகையிலே அந்தக் காட்சியை நாம் பார்த்தோம். கடல் இல்லாத பக்கம் தள்ளிய அந்தப் படகு நேரே கடலுக்குள் இறங்குவதாகவே தோன்றிற்று. பொய்யை மெய்யாக்கும் அந்த வித்தைக்கு எண்பது பேர் வேண்டியிருக்கிறது என்பதில் ஆச்சரியம் இல்லை.

நாம் சொல்ல வந்த மனிதர் அந்த எண்பது பேரில் ஒருவர். உச்சி வெயிலில் எடுக்கும்போது முகத்தின் ஒரு பாதி இருண்டு போகாமல் இருக்க, வெள்ளித் தகடு ஒட்டிய பெரிய பலகையைச் சாய்த்துப் பிடித்துச் சூரிய வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்புவார்கள். அலை அரிக்காமலிருக்கக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் ஏறி நின்று, அந்தப் பலகையை அவர் பிடித்துக் கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த தேகம். கடற்காற்றைப் பற்றி அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பலகை பாய் மரத்துப் பாய்க்குச் சமானம். திடீரென்று காற்று வீசிற்று. பலகை அவரையும் தூக்கிக் கொண்டு போய்க் கற்களுக்கிடையில் போட்டது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். "அந்தப் பக்கம் கடல் இல்லைங்களே" என்று சொன்ன அதே முதியவர் தம்முடைய மகனின் ஆட்டோவைக் கொண்டு வரச் செய்து, அவரை ஏற்றிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இதெல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள் நடந்து முடிந்தது. ஆறாவது நிமிஷம் வேறொருவர் கல்லின் மேல் ஏறிப் பலகையைப் பிடித்தார். வெளிச்சம் போவதற்குள் எடுத்தாக வேண்டுமல்லவா? எவரையும் கல்நெஞ்சர் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. சூரியன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கூலியும் வாடகையும் மணிக் கணக்கில் ஏறுகின்றன. இருந்தாலும் அந்த ஆறாவது நிமிஷம் நம் மனத்தில் முள்ளைப் போல் தைத்து நின்றது.

அந்தப் படம் வெளிவந்தபோது முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்தோம். வீராம்பட்டினத்துக் கடற்கரையிலே கதாநாயகியின் முகம் முழு நிலாவைப் போல் பிரகாசித்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன காமிரா! என்ன காமிரா!" என்று புளகாங்கிதம் அடைந்தார். அந்த ஒளி யாருடைய கையிலிருந்து போயிற்று என்பது கொட்டகையில் நமக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தபோது சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. படம் முடிந்ததும் அவருடைய பெயர் வருகிறதா என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தோம். பெயர்கள் ஓடின. விளக்குப் பிடித்தவர்கள் என்ற தலைப்பிலும் சில பெயர்கள் வந்தன. நின்று படிப்பதற்குள் மேலே போய்விட்டன. அப்போதுதான் நம் தலையில் யாரோ ஓங்கி அடித்தது போல் இருந்தது. எந்தப் பெயரைத் தேடுகிறோம்? அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அவர் அருகில் நின்றோம். அவர் விழுந்ததைப் பார்த்தோம். ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடம் அவருக்காகப் பரிதாபப்பட்டோம். பெயரை மாத்திரம் கேட்கவில்லை!

பெயர் தெரியாத ஒருவரைத் தேடுகிறவன் எல்லாப் பெயர்களையும் படிக்கத்தானே வேண்டும்? துடைப்பக்காரருக்கும் வீட்டு அம்மாளுக்கும் நாம் சொல்லாமல் வைத்திருந்த பதில் இதுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன முதியவரைக் கேட்டால் தெரியுமே என்று தோன்றிற்று. அதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பமும் வந்தது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையன்று வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர்த் திருவிழா. வீரராகவன் என்னும் மீனவர் வீசிய வலையில் ஒரு மரக்கட்டை அகப்பட்டதாகவும், அதை விறகுக்காகக் கோடரியால் வெட்டியபோது இரத்தம் பெருகியதாகவும், அதுவே அம்மனாக எழுந்தருளியதாகவும் ஊரார் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னர் துரையே வந்து வடம் பிடித்துத் தேரை ஓட்டி வைப்பது வழக்கம். 1954-ஆம் வருஷம் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகும் வழக்கம் விலகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடத்தைத் தொடுகிறார்.

நாம் போன போது ஆளுநரும் மந்திரிமாரும் வடம் பிடித்து, படம் எடுத்துக் கொள்ளப்பட்டு, மேளதாளத்துடன் விலகி நின்றார்கள். அதற்குப் பிறகு ஆயிரம் கைகள் வடத்தைப் பற்றின. தேர் அசைந்தது. நமக்கு மாத்திரம் அம்மனின் அலங்காரத்தையும் மேலே பறக்கும் கொடியையும் விட்டுவிட்டு, கண் கீழேயே போயிற்று. ஏனென்றால் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், நாம் தேடி வந்த முதியவர் முட்டுக்கட்டையுடன் நின்று கொண்டிருந்தார்!

நம்முடைய தமிழிலே முட்டுக்கட்டை போடுகிறவர் என்றால் நல்ல காரியத்தைக் கெடுக்கிறவர் என்று பொருள் ஆகிவிட்டது. இது மிகவும் அநியாயம். தேரோட்டத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வடம் பிடித்து இழுக்கிறவர்களால் தேரைக் கிளப்பத்தான் முடியும், நிறுத்த முடியாது. அது கோணலாகத் திரும்பினாலும் பள்ளத்தில் வேகம் பிடித்தாலும், சுழலும் சக்கரத்தின் வாயில் கையை நீட்டிக் கட்டையைக் கொடுப்பவர்தான் நிறுத்த வேண்டும். கட்டையைக் கொடுத்த கையை உடனே இழுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிடுவார்களே தவிர, கீழே பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

மாலையில் அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னோம்.

"அவரா? நல்லா ஞாபகம் இருக்குதுங்க. கை ரெண்டா மடங்கிப் போச்சு. வண்டியிலே வர்றப்பகூட, 'இன்னைக்குப் பேட்டா குடுப்பாங்களான்னு தெரியலியே'ன்னுதான் கேட்டாரு. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"அவர் பெயர்?"

முதியவர் வெகு நேரம் யோசித்தார். "எல்லாரும் 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டாங்க. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பேரைக் கேக்கணும்னு தோணலைங்களே, ஐயா!" என்று வருத்தத்துடன் சொன்னார்.

நாம் மட்டும் கேட்டோமா என்ன? பேசாமல் இருந்தோம்.

திருவிழாவுக்காக அவருடைய மனைவியின் தங்கை வில்லியனூரிலிருந்து வந்திருந்தாள். எங்கள் பேச்சைக் கதவருகில் நின்று கேட்டுக் கொண்டிருந்த அவள், "நானும் சினிமாவிலே இருக்கேனுங்க, ஐயா" என்று சிரித்தாள். எந்தப் படத்திலே என்று கேட்டோம். "புலிப்படம்" என்றாள். நமக்கு விளங்கிவிட்டது.

யான் மார்ட்டெல் என்னும் கனடா நாட்டு எழுத்தாளர் 2001-ஆம் வருஷம் வெளியிட்ட 'லைப் ஆப் பை' என்ற நாவல், புதுச்சேரியில் தொடங்குகிறது. தைவானில் பிறந்த டைரக்டர் ஆங் லீ அதைப் படமாக எடுக்க முன்வந்து, 2011 ஜனவரி 18-ஆம் தேதி புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள ஜெபமாலை மாதா கோயிலில் படப்பிடிப்பைத் தொடங்கினார். அம்மாதம் முடியும் வரையில் புதுச்சேரியில் வேலை நடந்தது. அப்போதுதான் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் ஓர் இரவுத் திருவிழாக் காட்சியை எடுத்தார்கள். திருவிழாக் கூட்டமாக நிற்பதற்குச் சுற்று வட்டாரத்து ஜனங்களையே அழைத்துக் கொண்டார்கள். வில்லியனூர்த் தேரையும் கவர்னர் வந்து வடம் பிடிப்பது பழைய வழக்கம். ஆகையால் பெரிய மனிதர்கள் வருவதும் கூட்டமாக நிற்பதும் அவ்வூர் ஜனங்களுக்குப் புதிதல்ல.

"சாயங்காலமே போயி, ராத்திரியெல்லாம் நின்னோமுங்க. விளக்கைக் கையிலே குடுத்து, தண்ணியிலே விடச் சொன்னாங்க. விட்டோம். மறுபடியும் எடுத்துக் குடுத்து, மறுபடியும் விடச் சொன்னாங்க. சாமிக்குக்கூட நாங்க அத்தனை தடவை விளக்கு விட்டதில்லை!"

"படத்தில் நீ எங்கே இருக்கிறாய், அம்மா?"

"என் முகம் தெரியலைங்க. ஆனா, என் விளக்கு எதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தப் படத்தை ஒரு பையனும் ஒரு புலியும் நடித்த படம் என்றுதான் உலகம் சொல்கிறது. பையன் மெய். டில்லியில் படித்துக் கொண்டிருந்த சூரஜ் சர்மா என்னும் 17 வயது மாணவர், தேர்வுக்குப் போன தம்பிக்குத் துணையாகப் போய், விண்ணப்பித்த சுமார் 3,000 பேர்களுக்குள் தாமே பொறுக்கி எடுக்கப்பட்டார். அவருக்கு முதலில் நீந்தவே தெரியாதாம்! கடலும் பாதி மெய்தான். தைவானில் தைச்சுங் நகரத்துப் பழைய விமான நிலையத்திலே சுமார் 64 லட்சம் லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி கட்டி, அதில் யந்திரத்தால் அலை எழுப்பினார்கள். புலியோ பெரும்பாலும் பொய். சில காட்சிகளில் மட்டுமே உண்மைப் புலிகள் நடித்தன. மற்றவற்றில், அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மயிருக்கு மயிர் உண்டாக்கிய புலியே நடமாடுகிறது. நனைந்தால் ரோமம் எப்படி ஒட்டும், பசித்தால் விலா எப்படித் தெரியும், மூச்சு விட்டால் தோல் எப்படி ஏறி இறங்கும் என்று மாதக் கணக்கில் உட்கார்ந்து செய்தவர்கள் நூற்றுக் கணக்கானவர்கள். ரிதம் அண்டு ஹ்யூஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அக்கம்பெனிக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூடக் கிளைகள் இருந்தன.

2013 பிப்ரவரி 24-ஆம் தேதி ஹாலிவுட்டில் ஆஸ்கார் பரிசளிப்பு நடந்தது. பதினொரு பரிசுகளுக்குப் பெயர் கொடுக்கப்பட்டிருந்த இந்தப் படம் நான்கைப் பெற்றது. ஒளிப்பதிவுக்காகக் கிளாடியோ மிராண்டாவும், பின்னணி இசைக்காக மைக்கேல் டானாவும், டைரக்ஷனுக்காக ஆங் லீயும் பரிசு பெற்றார்கள். படத்தின் தாலாட்டுப் பாட்டுக்காக நம் பம்பாய் ஜெயஸ்ரீயின் பெயரும் போட்டியில் இருந்தது. ஆங் லீ மேடை ஏறி, தம்மோடு வேலை செய்த 3,000 பேருடனும் இப்பரிசைப் பகிர்ந்து கொள்வதாகச் சொல்லி, கடைசியில் கை கூப்பி 'நமஸ்தே' என்றார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது.

ஆனால் நான்காவது பரிசு, அந்தப் புலிக்குக் கிடைத்த பரிசு, அதன் கதை வேறு. பரிசளிப்புக்குப் பதின்மூன்று நாளைக்கு முன்னால், அதாவது பிப்ரவரி 11-ஆம் தேதி, புலியைப் படைத்த கம்பெனி திவால் மனுக் கொடுத்துவிட்டது. ஊழியர் பலர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள். விழா மண்டபத்தில் தீபாலங்காரம் ஜொலித்த அதே வேளையில், வெளியே தெருவில் அத்தொழிலைச் சேர்ந்த நூற்றுக் கணக்கானவர்கள் பலகைகளைத் தூக்கிக் கொண்டு நின்றார்கள். உள்ளே அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான பில் வெஸ்டன்ஹோபர் பரிசை வாங்கிக் கொண்டு, தம்முடைய கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். பேச்சு நீண்டுவிட்டதென்று, பழைய சுறாமீன் படமொன்றின் பயங்கர இசையை வாசித்து, ஒலிவாங்கியையும் அடக்கிவிட்டார்கள்.

இதை நாம் திண்ணையில் விவரித்தபோது முதியவர், "அப்ப அங்கேயும் அப்படித்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார். வீராம்பட்டினத்துக் கருங்கல்லிலிருந்து ஹாலிவுட் மண்டபத்துக்கு எத்தனை தூரமோ, அத்தனை தூரத்தையும் அவர் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார்.

நம்முடைய தமிழ்ப் படங்களின் சரித்திரத்திலும் இதைக் காணலாம். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கிய பிறகு, வெகு காலம் வரையில் படத்தின் ஆரம்பத்திலேயே சில வரிகளில் பெயர்களைக் காட்டி முடித்துவிடுவார்கள். மிஞ்சியவர்களில் சிலருக்குக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. 1939-ல் கே. சுப்ரமண்யம் எடுத்த 'தியாகபூமி'யைச் சர்க்கார் தடை செய்தார்கள் என்பதும், கல்கி எழுதிய அதன் கதை படத்தின் காட்சிகளுடனேயே 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தது என்பதும் பலரும் அறிந்த விஷயம். பாபநாசம் சிவனும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் பேபி சரோஜாவும் அதில் நடித்ததும் அறிந்ததே. அந்த நாளில் விளக்கைத் தூக்கிப் பிடித்தவர்கள் யார்? 1948-ல் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்தபோது, மலை போன்ற முரசுகளின் மேல் பெண்கள் ஆடுவதைக் கண்டு தேசம் முழுவதும் வியந்தது. எஸ்.எஸ். வாசனையும், அரங்கங்களை அமைத்த ஏ.கே. சேகரையும் நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆடும் கால்களின் கீழே முரசு உடையாதபடி மரத்தை அறுத்து ஆணி அடித்த தச்சர்களை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்களில் தச்சருக்கும் சாயம் பூசுகிறவருக்கும் மாதச் சம்பளமாவது இருந்தது. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு தினக் கூலியே வழக்கமாயிற்று. ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் முன்னின்று சங்கங்களைச் சேர்த்து அமைத்த தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம், இப்போது 'பெப்சி' என்ற பெயரால் எல்லாருக்கும் தெரியும். கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம் அதனால் உண்டாயிற்று. அப்படியும் 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு, பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் ராட்சத பாரந்தூக்கி சாய்ந்து விழுந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். தேரிலே முட்டுக்கட்டை போடுகிறவரின் கையைப் பற்றி ஊருக்கு ஒரு கவலை இருக்கிறது. பழகாதவரை அந்த வேலைக்கு விடுவதில்லை. காற்று வீசும் கடற்கரையில் பலகை பிடிக்கிறவருக்கு இடுப்பில் ஒரு கயிறும் பக்கத்தில் ஒரு துணையாளும் கொடுப்பதற்கு எத்தனை ரூபாய் ஆகும்? பெயர் போடுவதைவிட இது முக்கியம் என்பதை நாம் ஒப்புக் கொள்கிறோம். ஆனால் பெயரில்லாத மனிதருக்குக் கயிறு வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலை ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அரிக்கமேட்டுக்குப் போனோம். வீராம்பட்டினத்துக்கு மிகவும் அருகில், அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில், மாமரங்களுக்கிடையில் அந்தப் பழைய துறைமுகம் இருக்கிறது. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் ரோமாபுரியுடன் நடந்த வியாபாரத்துக்கு அத்தாட்சிகள் கிடைத்தன. அவ்விடத்தில் அகப்பட்டவற்றுள் இத்தாலி தேசத்துச் சிவந்த மெருகுத் தட்டுகளின் துண்டுகளும் உண்டு. தட்டின் அடியில் அதைச் செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறது. விபி, காமுரி, இத்தா என்பவை அறிஞர்கள் படித்தறிந்த பெயர்கள். அந்தக் குயவர்கள் வீராம்பட்டினத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய அரசர்களில் எத்தனையோ பேரை நாம் மறந்தாயிற்று. தட்டில் சாப்பிட்டவர் யாரென்றே தெரியாது. தட்டைச் செய்தவரின் பெயர் மட்டும் இந்த மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு முத்திரை குத்த ஒரு நொடிதான் பிடித்திருக்கும்.

அந்தத் தட்டைக் கப்பலிலிருந்து இறக்கித் தலையில் சுமந்து கரையேற்றியவர், அநேகமாக நம் முதியவரின் மூதாதையர்களில் ஒருவராக இருக்கலாம். அவருடைய பெயர் எந்த ஓட்டிலும் இல்லை.

புறப்படும்போது முதியவர் பஸ் நிறுத்தம் வரையில் கூட வந்தார். அவர் கையில் முட்டுக்கட்டை உராய்ந்த புதுச் சிராய்ப்பு ஒன்று இருந்தது. பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகுதான் நமக்குத் திடுக்கென்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பெரியவரே! உங்கள் பெயரைக் கேட்கவில்லையே!" என்று கூவினோம்.

அவர் சிரித்துக் கொண்டே சொன்னார். பஸ்ஸின் இரைச்சலில் சரியாகக் காதில் விழவில்லை. "இன்னொரு தடவை!" என்று கத்தினோம். கையை வாயருகில் குவித்துக் கொண்டு, கடலில் படகுக்குப் படகு கூப்பிடும் குரலில், மறுபடியும் சொன்னார். இம்முறை நன்றாகக் கேட்டது. அதை அங்கேயே, பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கொண்டோம்.

கற்களுக்கிடையில் விழுந்தவரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே கொட்டகையில் நாம் கடைசி வரையில் உட்காருவது தொடர்ந்து நடந்து வருகிறது. சென்ற மாதம் நம் வீட்டு அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு பார்த்த படத்தில் அவளும் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்துடன் வந்த ஊழியர் இரண்டு பேரைக் கண்டு மலைத்து நின்றார். இருமவில்லை, பொரியையும் கூட்டவில்லை. "ஏங்க, இதிலே தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்" என்று அம்மாளே பதில் சொன்னாள். பிறகு, நம்மைப் பார்த்துவிட்டு, "உன் பெயர் என்ன, அப்பா?" என்று அவரைக் கேட்டாள்.